கள்ளியை வெறுத்த கோடீசுவரர்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பக்கத்தில் சான் மரினோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே 10 ஏக்கர் பரப்பில் கள்ளியும் கற்றாழையும் நிறைந்த தோட்டம் ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்றது. அதன் சொந்தக்காரருக்கோ முதலில் கள்ளி என்றாலே ஆகாது! அவர்தான் ஹென்றி ஹண்டிங்டன்.

ஹண்டிங்டன் 1850-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இளமையில் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். பிறகு, ரெயில்வே அதிபரான சித்தப்பாவிடம் சேர்ந்து தொழில் கற்றார். 1901-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மின்சார ரெயில் கம்பெனி தொடங்கி, கோடீசுவரர் ஆனார்.

பிடிவாதக்காரர். 1903-ல் தண்டவாளம் போட்ட மெக்சிகோ தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் இணங்கவில்லை.

முள் குத்தியது

ஒரு முறை ரெயில் பாதைக்கு நிலம் சமப்படுத்தும் வேலையை மேற்பார்வையிட்டபோது, பின்பக்கமாக நகர்ந்து சப்பாத்திக் கள்ளியில் மோதிக்கொண்டார். உடம்பெல்லாம் முள். அன்று முதல் கள்ளியை வெறுத்தார்.

1903-ல் சான் மரினோ பண்ணையை வாங்கினார். ஜெர்மனியில் பிறந்த வில்லியம் ஹெர்ட்ரிக் தோட்டப் பொறுப்பை ஏற்றார். பண்ணையில் ஒரு சரிவு நிலம் எதுவும் விளையாமல் கிடந்தது. அங்கே கள்ளி வைக்கலாம் என்றார் ஹெர்ட்ரிக். முதலாளி மறுத்தார். தோட்டக்காரர் விடவில்லை. கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். 1907-ல் அரை ஏக்கரில் வேலை தொடங்கியது.

தண்ணீர் தேங்கக்கூடாது

கள்ளி தன் தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே பயனற்றுக் கிடந்த சரிவே அதற்கு ஏற்ற இடமாயிற்று. அரிசோனா பாலைவனத்திலிருந்து ரெயிலில் செடிகள் வந்தன. தூண் போல நிமிர்ந்தவை, பீப்பாய் போலத் திரண்டவை எனப் பிரித்து, கட்டிடம் கட்டுவதுபோல அடுக்கி நட்டார் ஹெர்ட்ரிக். 1915-க்கு முன் விதை போட்டு வளர்த்த பீப்பாய்க் கள்ளிகள் இன்று பல நூறு ராத்தல் எடை இருக்கின்றன.

1919-ல் தன் மாளிகை, நூலகம், தோட்டம் அனைத்தையும் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார் ஹண்டிங்டன். 1927-ல் காலமானார். மறு ஆண்டு பொதுமக்களுக்குக் கதவு திறந்தது.

தொழிலாளர் கோரிக்கைக்கு இணங்காத முதலாளி, தோட்டக்காரர் சொல்லுக்கு இணங்கினார். அந்த ஒரு இணக்கம்தான் இன்று 10 ஏக்கராக நிற்கிறது.