பாஸ்டர் பெருமகனாரும் நரம்பு நோயும்

செட்டிநாட்டுப் பிள்ளையார்பட்டியில் எழுபது ஆண்டைக் கடந்த பெரியோரை வெறிநாய்க்கடியைப் பற்றி வினவின், தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசியை அவர் எடுத்துரையாமல் இரார். கற்பக விநாயகரின் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரில், நாய் கடித்த அச்சத்தினும் ஊசியின் அச்சமே பெரிதாயிருந்ததென்று கூறக் கேட்டிருக்கின்றோம். அவ்வச்சம் நோவை மட்டும் பற்றியதன்று. ஊசி கொண்டோருள் அரிதாகச் சிலர் கைகால் சோர்ந்து படுக்கையில் வீழ்ந்தனர் என்னும் பேச்சும் உடன் வழங்கிற்று. அப்பேச்சு வெறும் புரளியன்று. மருத்துவ நூலார் ஒப்புக்கொண்ட உண்மையே. எண்ணிறந்த உயிரைக் காத்த மருந்தொன்று ஒருசிலருடைய நரம்பை ஏன் வருத்திற்று என்பதை அறிய விரும்புவோர், அம்மருந்திற்கு முதல்வராகிய லூயி பாஸ்டர் பெருமகனாரின் வரலாற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அதனை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

பாஸ்டர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் பிரெஞ்சு நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியன் படையில் வீரராயிருந்து, பின்னர்த் தோல் பதனிடுந் தொழிலால் வாழ்ந்தவர். குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறிற்று. 1831 இல், சிறுவராகிய பாஸ்டருக்கு எட்டாண்டு நிரம்பியிருந்தபொழுது, வெறிகொண்ட ஓநாயொன்று அப்பக்கத்து மக்கள் பலரைக் கடித்தது. கடியுண்டோரைக் கொல்லன் உலைக்கு அழைத்துச் சென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் புண்ணைச் சுட்டனர். அக்காலத்தில் அதனின் வேறு வைத்தியம் இல்லை. அங்கெழுந்த அலறலை அச்சிறுவர் தம் வாழ்நாள் முழுவதும் மறந்திலர் என்ப.

அவர் கற்றது இரசாயன நூல், மருத்துவமன்று. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுதல் நலம். 1848 இல் டார்டாரிக் அமிலத்தின் படிகங்களை ஆராய்ந்து அறிஞர் அவையில் இடம்பெற்றார். பின்னர், மதுவும் பாலும் புளித்தல் நுண்ணுயிர்களின் வினையே என நாட்டினார். பட்டுப்புழுவின் நோயை ஆராய்ந்து தம் நாட்டுப் பட்டுத்தொழிலுக்கு வழிகாட்டினார். இவற்றைப் பாட நூல்கள் விரித்துரைத்தலின் யாம் விடுக்கின்றோம். ஆயினும், அவருடைய ஐந்து மக்களுள் மூவர் இளமையிலேயே இறந்தனர் என்பதையும், அவருள் இருவரைக் கொண்டுசென்றது டைபாய்டு சுரமே என்பதையும் சொல்லாமற் செல்லுதல் இயலாது. நுண்ணுயிர்களை அவர் வெறும் ஆராய்ச்சிப் பொருளாகக் கருதியிருத்தல் அரிது.

1868 அக்டோபரில், நாற்பத்தைந்தாம் வயதில், பாஸ்டரை வாதம் வீழ்த்திற்று. இடக்கையும் இடக்காலும் செயலற்றன. பிழையார் என்றே பலரும் எண்ணினர். அவரோ, சில நாளிற் படுக்கையிற் கிடந்தபடியே பட்டுப்புழுவைப் பற்றிய குறிப்பொன்றை உதவியாளர்க்குச் சொல்லி எழுதுவித்தார். பின்னர் எழுந்து நடந்தாரேனும் இடப்புறத்து ஊனம் இறுதிவரை நீங்கவில்லை. அவரை வீழ்த்தியது மூளையின் குருதிக்குழாயில் நேர்ந்த கேடு. யாம் இனிக் கூறப்போகும் நரம்பு நோயோ வேறு வகையது. இரண்டினும் கைகால் வீழ்தலின் மக்கள் இரண்டையும் வாதம் என்றே வழங்குகின்றனர். காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

கோழிக் காலராவிலும் ஆட்டு மந்தைகளை அழித்த அந்திராக்சு நோயிலும் வெற்றி கண்டபின், பாஸ்டர் வெறிநோயின்மேற் கருத்துச் செலுத்தினார். வலிகுன்றச் செய்த நோய்க்கருவை முன்னரே உடலிற் செலுத்தின், உடல் எதிர்த்து நிற்கப் பழகும் என்பது அவர் கண்ட நெறி. ஆனால் வெறிநோயின் கரு அக்காலத்து உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் புலப்படாதது. குடுவையில் வளர்த்தற்கும் இசையாதது. உயிருள்ள நரம்பே அதற்கு விளைநிலம். ஆதலின் அவரும் அவர்தம் துணைவராகிய எமில் ரூவும் முயலின் முதுகுத்தண்டில் அதனை வளர்த்து, அத்தண்டை உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டனர். நாள் செல்லச் செல்ல நஞ்சு மெலிந்தது. பதினான்கு நாள் உலர்ந்த தண்டு ஏறத்தாழத் தீங்கற்றதாயிற்று. அதனை அரைத்து நீரிற் கலந்ததே மருந்து. அம்மருந்தில் நோய்க்கருவோடு நரம்புப் பொருளும் நிறைந்திருந்தது என்பதே நம் கதையின் முடிச்சு.

1885 சூலை 4 ஆம் நாள், அல்சேசு நாட்டில் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய் பல இடங்களிற் கடித்தது. தாய் அவனை அழைத்துக்கொண்டு 6 ஆம் நாள் பாரிசில் பாஸ்டரிடம் வந்தாள். நாய்களுக்குச் செய்து பார்த்ததேயன்றி மனிதர்க்கு முழுமுறையாகச் செய்யப்படாத சிகிச்சை அது. செய்யாவிடின் சிறுவன் இறத்தல் பெரும்பாலும் உறுதி. செய்தால் மருந்தே கொல்லவுங்கூடும். பாஸ்டர் மருத்துவர் அல்லராதலின், கிராஞ்சே என்னும் மருத்துவரே ஊசியைச் செலுத்தினார். செலுத்திய இடம் வயிற்றின் தோல். முதல்நாள் மிக உலர்ந்த தண்டு, மறுநாள் சற்றுப் புதியது என்று வரிசையாக ஏறி, பத்து நாளில் பதின்மூன்று முறை ஊசி போட்டனர். கடைசி ஊசியில் இருந்தது கொல்லும் வலிமையுள்ள கரு. சிறுவன் விளையாடிக்கொண்டும் நன்றாக உறங்கிக்கொண்டும் இருந்தான். உறக்கமின்றி வருந்தியவர் பாஸ்டரே. மைஸ்டர் பிழைத்தான்.

அவ்வாண்டிறுதியில் லூயிசு பெல்லத்தியே என்னும் சிறுமி, கடியுண்டு முப்பத்தேழு நாள் கழித்துக் கொணரப்பட்டாள். காலங் கடந்ததென்று தெரிந்தும் பெற்றோரின் வேண்டுகோளைத் தள்ளமாட்டாமல் சிகிச்சை செய்தார்; அவள் இறந்தாள். பகைவர்க்கு அது வாய்ப்பாயிற்று. 1886 இல் உருசிய நாட்டு ஸ்மோலென்ஸ்க்கிலிருந்து, ஓநாயால் கடியுண்ட பத்தொன்பதின்மர் வந்தனர். பதினாறு பேர் பிழைத்துச் சென்றனர். எனினும் மறுப்பு ஓயவில்லை. 1887 இல் மருத்துவக் கழகத்தில் மைக்கேல் பீட்டர் என்னும் மருத்துவர், இச்சிகிச்சையே நோயை விளைக்கின்றது எனக் கடுமையாக வழக்காடினார். பீட்டரைப் பொறாமையுடையவர் என்று மட்டும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது என்பது எம் கருத்து. அவர் காட்டிய காரணங்கள் தவறாயினும், மருந்தைக் கொண்டோருள் சிலர்க்கு வெறிநோயல்லாத வேறொரு வாதம் நேர்ந்ததை அக்காலத்து மருத்துவரே காணத் தொடங்கியிருந்தனர்.

அவ்வாதத்தின் இயல்பு இது. ஊசி தொடங்கிச் சின்னாளிலோ இரண்டொரு வாரத்திலோ சுரமும் தலைநோவும் தோன்றும், கால்கள் தளரும், சிலர்க்குச் சிறுநீர் அடைபடும், சிலர்க்குத் தளர்ச்சி மேலேறிக் கையையும் முகத்தையும் பற்றும். பலர் தேறினர், சிலர் இறந்தனர், சிலர் ஊனத்தோடு எஞ்சினர். நம் உடலில் அயற்பொருளைக் கண்டறிந்து தாக்கும் காவற்படையொன்று உளது. நரம்பிழைகளின் மேல், மின்கம்பியின் உறைபோல, மையலின் என்னும் கொழுப்புறை உண்டு. ஆட்டின் மையலினும் முயலின் மையலினும் மனிதனுடையதைப் பெரிதும் ஒப்பன. நாள்தோறும் விலங்கின் நரம்பைச் செலுத்தினால், காவற்படை அதனைப் பகையென்று பழகிக்கொண்டு, பின்னர் உடைமையாளனுடைய நரம்பையே தாக்குகின்றது. காவலனே வீட்டைக் கொளுத்தும் இத்தகைய நோய்களையே இன்று தன்னெதிர்ப்பு நோய் என்கின்றனர். 1930களில் அமெரிக்க அறிஞர் தாமசு ரிவர்சு, நோய்க்கரு சிறிதுமில்லாத முயல் மூளையைக் குரங்குகட்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அவற்றிற்கும் இவ்வகை நரம்பழிவை உண்டாக்கிக் காட்டினார். 1987 இல் தாய்லாந்தில் செய்த ஆராய்ச்சி, ஊசியால் வாதமுற்றோரின் குருதியில் மையலின் புரதத்தை எதிர்க்கும் பொருள் இருத்தலைக் கண்டது.

நம் நாட்டிற்கு இச்சிகிச்சை வந்த வரலாறும் அறியத்தக்கது. 1900 இல் இமயச் சாரலிலுள்ள கசௌலியிலும், 1907 இல் நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார், கார்பாலிக் அமிலத்தாற் கருவை முற்றும் கொன்ற மருந்தொன்றை 1911 இல் வெளியிட்டார். அதனைப் புட்டியில் அடைத்துத் தொலைவிலுள்ள மருத்துவமனைகட்கு அனுப்பலாம்; கடியுண்ட ஏழை மலையேறிச் செல்ல வேண்டுவதில்லை. அம்மருந்து ஆட்டின் மூளையிற் செய்யப்பட்டது. பிள்ளையார்பட்டிப் பெரியோர் கூறும் பதினான்கு ஊசி அதுவே. கரு இறந்தமையால் வெறிநோய் பற்றும் அச்சம் நீங்கிற்று. நரம்புப் பொருள் நீங்காமையால் வாதத்தின் அச்சம் நின்றது. சில நூறு பேரில் ஒருவர்க்கென்றும் சில ஆயிரம் பேரில் ஒருவர்க்கென்றும் இடத்திற்கேற்பக் கணக்கு வேறுபடும். வெறிநோய் தோன்றியபின் உயிர்பிழைத்தல் அரிதினும் அரிதாதலின், அறிந்தே அம்மருந்தைக் கொடுத்து வந்தனர். வேறு வழியில்லாத காலத்தில் அது நேரிய துணிவே. நரம்பு கலவாத மருந்து வேறிடங்களிற் கிடைத்த பின்னும் ஏழை நாடுகள் பல்லாண்டு இதனையே நம்பியிருந்தமைதான் வருந்தத்தக்கது. இந்தியாவில் ஆட்டுமூளை மருந்து 2005 ஆம் ஆண்டளவில் வழக்கொழிந்தது. இன்று புயத்தில் நான்கைந்து முறை போடும் மருந்து உயிரணு வளர்ப்பிற் செய்வது. நரம்புப் பொருள் அதில் இல்லை. பழைய ஊசியின் அச்சத்தால் இன்று ஒருவர் கடியை மறைப்பாராயின், இல்லாத பேய்க்கு அஞ்சி உள்ள புலியின் வாயிற் புகுந்தவராவர். கடிவாயைச் சவர்க்காரமும் நீருங்கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

நரம்பைத் தாக்குமாறு உடலைத் தூண்டுவது ஊசி மட்டுமன்று. பெரும்பாலும் தூண்டுவன இயற்கைத் தொற்றுகளே. காலிலிருந்து மேலேறும் வாதமொன்றை 1859 இல் லாண்ட்ரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். 1916 இல், முதல் உலகப்போரின் நடுவே, கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூவர் இரண்டு போர்வீரரிடம் அதனை ஆராய்ந்து, முதுகுத்தண்டு நீரில் அணுக்கள் மிகாமல் புரதம் மட்டும் மிகுந்திருத்தலைக் கண்டனர். இன்று அது கில்லன்-பாரே நோய் எனப்படும். இதனைப் பெற்றோருள் மூன்றில் இரு பங்கினர்க்குச் சில வாரம் முன்னர் வயிற்றுப்போக்கோ சளிச்சுரமோ வந்திருக்கும். கெட்ட நீரிலும் நன்கு வேகாத கோழியிறைச்சியிலும் உள்ள காம்பைலோபாக்டர் என்னும் நுண்ணுயிரின் மேற்பொருள், நரம்பிலுள்ள கொழுப்புப் பொருளை ஒத்திருப்பது. 2004 இல் சப்பானிய அறிஞர் அந்நுண்ணுயிரின் பொருளைச் செலுத்தி முயல்களுக்கு இவ்வாதத்தை வருவித்தனர். பாஸ்டருக்கு உதவிய முயலே இங்கும் உதவியது காண்க. 2025 சனவரியில் புனே நகரத்தில் இந்நோய் ஒருங்கே பலரைப் பற்றியபொழுது, குடிநீர்க் கேடே காரணமாக ஐயுறப்பட்டது.

இதற்கு மருத்துவம் உண்டு. மூச்சுத் தசை தளர்தலே உயிர்க்கு இடர். ஆதலின் கால் தளர்ந்து நாளுக்கு நாள் மேலேறக் கண்டால், எண்ணெய் தேய்த்து வீட்டிற் காத்திராமல், மூச்சுக் கருவியுள்ள பெருமருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நால்வரில் ஒருவர்க்கேனும் அக்கருவி வேண்டியிருக்கும். குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவைப் பிரித்து நீக்கி மாற்றுதல் ஒரு முறை. அதன் பயன் 1985 இல் நிலைநாட்டப்பட்டது. நன்கொடையாளர் குருதியிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை ஐந்து நாள் செலுத்துதல் மற்றொன்று. 1992 இல் டச்சு மருத்துவர் அது முன்னதற்குத் தாழாமை காட்டினர். ஸ்டீராய்டு மருந்து மூளையையும் தண்டையும் பற்றிய வகைக்கும், நாட்பட்ட வகைக்கும் உதவுமேனும், கில்லன்-பாரே நோய்க்கு உதவாது. நரம்பின் உறை மெல்ல மீண்டும் வளர்வது; ஆதலின் உடற்பயிற்சியும் பொறுமையும் பல திங்கள் வேண்டும். பெரும்பாலோர் எழுந்து நடப்பர். ஏறத்தாழ ஐந்திலொருவர் ஆறு திங்கள் கழித்தும் துணையின்றி நடக்கமாட்டார்; நூற்றுக்கு ஐவரளவில் இறத்தலும் உண்டு. இம்யூனோகுளோபுலினின் விலையோ எளியோரை மலைக்கச் செய்வது.

அது நிற்க. பாஸ்டருக்கோ இவையெல்லாம் அறியக் கிட்டவில்லை. பல நாட்டினர் வழங்கிய பொருளால் எழுந்த பாஸ்டர் நிலையம் 1888 நவம்பர் 14 ஆம் நாள் பாரிசில் திறக்கப்பட்டது. அன்று அவரால் தம் உரையைத் தாமே படிக்க இயலாமையின், மகனார் படித்தார். 1892 இல் எழுபதாம் பிறந்தநாளை உலகறிஞர் கூடிக் கொண்டாடினர். அதன்பின் உடல் மேலும் நலிந்தது. 1895 செப்டம்பர் 28 ஆம் நாள், பாரிசுக்கு அணித்தான இடத்தில் உயிர்நீத்தார். மறுவருடத் தொடக்கத்தில் அவருடலைத் தம் நிலையத்தின் நிலவறையிலேயே அடக்கஞ்செய்தனர். ஜோசப் மைஸ்டர் வளர்ந்தபின் அந்நிலையத்தின் வாயில் காப்போராய் அமர்ந்து, செருமானியர் பாரிசைக் கைப்பற்றிய 1940 சூன் திங்களில் இறக்குமளவும் அங்கேயே பணிபுரிந்து வந்தார்.