தெருவில் நடக்க ஓர் அரசாணை

செப்டம்பர் மாதத்தில் நாம் மறக்கக் கூடாத நாட்கள் இரண்டு. ஒன்று 18-ஆம் தேதி. 1945-இல் அன்றுதான் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் மறைந்தார். மற்றொன்று 25-ஆம் தேதி. 1924-இல் அன்றுதான் சென்னை மாகாண அரசின் உள்ளாட்சித் துறை, எண் 2660 கொண்ட அரசாணையை வெளியிட்டது. முதல் நாளில் படத்துக்கு மாலை போடுகிறோம். இரண்டாவது நாளை விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஆணை எப்படிப் பிறந்தது, எப்படி நடந்தது, எங்கே நின்றுபோனது என்று தெரிந்தால்தான் தாத்தா எதற்காக வாழ்ந்தார் என்பது நமக்குப் புரியும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளம் கிராமத்தில் 1859-இல் பிறந்தவர் அவர். இரட்டைமலை என்பது தந்தையின் பெயர். வறுமை துரத்த, குடும்பம் ஊர் மாறியது. கோயம்புத்தூரில் படித்த காலத்தில், எந்தச் சாதி என்று சக மாணவர்கள் கேட்டுவிடுவார்களோ என அஞ்சி, மணி அடிக்கும் வரை வெளியே சுற்றிவிட்டு, அடித்த பிறகே வகுப்புக்குள் போனதை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஜீவிய சரித்திர சுருக்கம் என்ற அந்தச் சிறு நூல் 1939-இல் வந்தது. படித்த பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எழுதி வைத்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்பதைக் கணக்குப் பேரேடு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும்.

1890-இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் பறையன் என்ற இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் தூக்கி நிறுத்திய அந்த இதழ் 1900 வரை வந்தது. மக்களின் குறைகளை அரசின் காதில் போடுவதும், அரசு செய்வதை மக்களிடம் சொல்வதும் அதன் வேலை.

அதே ஆண்டில் இன்னொரு காரியமும் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்த காலம் அது. சீனிவாசன் அதை எதிர்த்து 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவாக்கிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இன்றைய மாணவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அவர் அஞ்சியது வேறு. தேர்வு இங்கே நடந்தால், படிப்பு யார் கையில் இருந்ததோ அவர்களே அதிகாரிகளாவார்கள். சேரிக்கு நன்மை செய்யும் ஆணை வந்தாலும் அந்தக் கோப்பு அவர்கள் மேசையில்தான் போய் நிற்கும். ஆணையை எழுதுவது யார் என்பதோடு, அதை நிறைவேற்றுவது யார் என்றும் கேட்ட முன்னோடி அவர். அவர் எடுத்த முடிவோடு உடன்படாதவர்கள்கூட அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

பிறகு கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1920-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி நடந்துகொண்டிருந்தது. உள்ளாட்சி போன்ற சில துறைகள் மட்டும் இந்திய அமைச்சர்கள் கையில் இருந்தன. 1923-இல் சீனிவாசன் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

அவருக்கு முன்பே அங்கே இருந்த எம்.சி.ராஜா ஒரு வழி காட்டியிருந்தார். அரசுப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அது அரசாணையாகவும் ஆனது. சபையில் பேசுவதை ஆணையாக மாற்ற முடியும் என்பது தெரிந்துவிட்டது.

1924 ஆகஸ்ட் 22 அன்று சீனிவாசன் தன் தீர்மானத்தை முன்வைத்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதையில் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றுக்கு மற்றவர்களைப் போலவே ஆதிதிராவிடரும் போகலாம். சாரம் இவ்வளவுதான். தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய விதிப்படி சபைத் தீர்மானம் அரசுக்கு ஒரு பரிந்துரைதான். அரசு ஏற்று, உரிய துறை எண்ணும் தேதியும் போட்டு ஆணை பிறப்பித்தால்தான் அது அதிகாரிகளைக் கட்டும். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் ஆணை வந்தது. செயலகத்தில் பிறக்கும் ஆணை அங்கிருந்து ஆட்சியருக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் போக வேண்டும். ஆட்சியரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து மணியக்காரருக்கு, கர்ணத்துக்கு. கடைசியில் ஊருக்குள் தண்டோரா. அன்று ஊர்தோறும் தண்டோரா போட்டவர்கள் பெரும்பாலும் நம் சேரி ஆட்கள். எந்த ஆணையையும் ஊருக்குச் சொல்லப் பறை வேண்டும். அடிப்பவரோ அதே தெருவில் மற்ற நாளில் செருப்போடு நடக்க முடியாது.

ஆணை எங்கே நின்றது என்பதும் இதிலிருந்தே தெரியும். செயலகத்தில் கையெழுத்தான தாள் மணியக்காரர் கைக்கு வரும்போது, அதை வாசிப்பதா மடித்து வைப்பதா என்று ஊரின் ஆதிக்கமே முடிவு செய்தது. மேலும், நடக்கலாம் என்று சொன்ன ஆணை, மறிப்பவரை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அதே சபையில் இருந்த ஆர்.வீரையன், மறிப்பவருக்கு அபராதம் விதிக்கும் பிரிவை உள்ளாட்சிச் சட்டத்தில் சேர்க்க முயன்றார். 1938-இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூக உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. 1950-இல் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று அந்தப் பாதை நீண்டது. 2660 அந்த நீண்ட பாதையில் ஒரு முக்கியமான படி.

சீனிவாசன் அத்தோடு ஓயவில்லை. 1930-லும் 1931-லும் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் சேர்ந்து ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1936-இல் திவான் பகதூர் பட்டம் வந்தது. மணி அடிக்கும் வரை வெளியே நின்ற மாணவர் போய்ச் சேர்ந்த இடம் அது.

ஆணை வேறு, அமல் வேறு என்பதற்கு அதே செங்கல்பட்டு மண்ணில் இன்னொரு சாட்சி உண்டு. ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை 1010 என்ற எண்ணில் ஆணையிட்டது. நம் மக்களுக்கு நிலம் கிடைத்தது. முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அந்தப் பஞ்சமி நிலங்கள் இன்று யார் யார் கையில் இருக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. ஆணை ரத்தாகவில்லை. கீழே பதிவேட்டில் பெயர்தான் மாறியது.

சுடுகாட்டுப் பாதைக்காக மனு எழுதிக்கொண்டு நாங்கள் அலுவலகம் அலுவலகமாகப் போகும்போது முதலில் வரும் கேள்வி, எந்த ஜி.ஓ. என்பதுதான். எண்ணும் தேதியும் இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும். எண்ணைச் சொன்னால், எழுதுபவரின் பேனா கொஞ்சம் நிமிரும். ஆகவே மாணவர்கள் அரசாணையை வாசிக்கப் பழக வேண்டும். தலைப்பில் துறையின் பெயரும் எண்ணும் தேதியும் இருக்கும். அடைப்புக்குறிக்குள் நிலை என்றிருந்தால் நீண்ட காலம் பேண வேண்டிய ஆணை. வாலாயம் என்றிருந்தால் அன்றாட அலுவல் சார்ந்தது. சுருக்கம் என்ற பகுதி விஷயத்தைச் சொல்லும். பார்வை என்ற பகுதி இதற்கு முன் வந்த ஆணைகளைக் காட்டும். பெறுநர் பட்டியல், இதைச் செய்ய வேண்டியவர் யார் என்று சொல்லும். அந்தப் பட்டியலில் உள்ள அலுவலரிடம்தான் நாம் கேட்க வேண்டும். நகல் கிடைக்கவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

112 அடி மனுவைச் சுமந்த தாத்தாவுக்குக் கணினி இல்லை, தகவல் உரிமைச் சட்டம் இல்லை, தன் தெருவைத் தவிர வேறு தெருவும் இல்லை. நமக்கு இவை இருக்கின்றன. வரும் செப்டம்பர் 18 அன்று மாலை போடுவோம். அதற்கு அடுத்த வாரம், 25 அன்று, நம் ஊரில் எந்தப் பாதை இன்னும் மறிக்கப்பட்டிருக்கிறது என்று பட்டியல் எடுத்து, உரிய ஆணை எண்ணோடு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்போம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.