அரணைக்குப் பெயர் வைத்தவர்

எல்லாரும் தலைவர்களைப் பற்றி எழுதுறாங்க. நான் பல்லி, தவளை, அரணைக்கெல்லாம் பெயர் வைத்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பவுலெஞ்சர். 1858 அக்டோபர் 19-ல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். படிப்பு முடித்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். 1880-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கூப்பிட்டார்கள். அரசாங்க வேலை என்பதால் பிரிட்டிஷ் குடிமகனாகவே மாறிவிட்டார். 1920 வரை அங்கேதான்.

உலகம் முழுக்க இருந்து கப்பலில் பாட்டில் பாட்டிலாகப் பிராணிகள் வரும். செதிலை எண்ணி, விரலை அளந்து, இது புது இனமா என்று பார்க்க வேண்டும். இப்படி 872 ஊர்வன, 556 நீர்நில வாழ்வன, 1096 மீன்களை முதன்முதலாக விவரித்தார். நம்ம நாட்டுப் பாம்பு, பல்லிகளுக்கும் 1890-ல் பெரிய புத்தகம் எழுதினார். மறதிக்காரரை அரணை புத்தின்னு திட்டுவோமே, இவர் அதற்கு நேர் எதிர். பார்த்த பிராணியின் பெயரை மறக்கவே மாட்டாராம். வயலினும் வாசிப்பார்!

1887-ல் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து ஓர் அரணை வந்தது. ஜாவாவுக்குத் தெற்கே, இந்துமாக்கடலில் இருக்கிற சின்னத் தீவு அது. 1643-ல் கிறிஸ்துமஸ் அன்று கண்ணில் பட்டதால் அந்தப் பெயர். பழுப்பு நிறக் காட்டு அரணைக்கு, கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் லத்தீன் பெயரை வைத்தார். அடுத்து வந்த நீல வால் அரணைக்கு எகேரியா என்ற கப்பலின் பெயர். அப்போது இரண்டும் உலகத்தில் வேறு எங்கும் இருந்ததில்லை.

ஆனால் அவர் அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. சாராயத்தில் ஊறினால் நிறம் வெளுத்துவிடும். அந்த நீல வால் வெயிலில் மின்னுவதைப் பார்க்காமலே பெயர் வைத்தார் என்பது எனக்கு என்னமோ போல இருக்கு.

ஓய்வு பெற்ற பிறகு ரோஜாச் செடிகளை ஆராய்ந்தார். 1937-ல் பிரான்சில் இறந்தார்.

அதற்கப்புறம் நடந்தது அவருக்குத் தெரியாது. 1980களில் ஓநாய்ப் பாம்பு வெளியிலிருந்து தீவுக்குள் வந்துவிட்டது. அரணைகள் அழிந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். 2010-க்குப் பிறகு தீவின் காட்டில் இரண்டையும் காணோம். நல்லவேளை, அதற்குள் நீல வால் அரணை 66-ஐப் பிடித்து வளர்த்தார்கள். அது கூண்டுக்குள் பெருகிவிட்டது. காட்டு அரணையோ மூன்றுதான் கிடைத்தன. மூன்றும் பெண்! கடைசி அரணைக்கு கம்ப் என்று செல்லப் பெயர். 2014 மே 31-ல் அதுவும் செத்துப் போச்சு.

பவுலெஞ்சர் அளந்து பார்த்த அரணை மட்டும் லண்டனில் பாட்டிலுக்குள் இருக்கிறது.