ஹைபிரிட் காரை 1900-லேயே ஓட்டிக் காட்டியவர்: யார் இந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே?

ஆவடி ஸ்டேஷனில் நிற்கும்போது டீசல் இன்ஜின் பூட்டிய சரக்கு ரயில் ஒன்று உறுமிக்கொண்டு கடந்து போனால் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே ஓடும் அந்த ராட்சத இன்ஜினுக்கும் கீழே உருளும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இன்ஜினின் வேலை கரன்ட் தயாரிப்பது, அவ்வளவுதான். அந்தக் கரன்ட்டில் சுற்றும் மோட்டார்தான் ரயிலை இழுக்கிறது. நம்ம ஐ.சி.எஃப்-இல் தயாராகும் 'டெமு' ரயில்களிலும் இதே கதைதான்.

இந்த ஏற்பாட்டை, நடுவில் ஒரு பேட்டரியையும் வைத்து, காருக்குள் அடக்கினால் அதுதான் 'சீரிஸ் ஹைபிரிட்'. ஷோரூமில் இதைப் புத்தம் புதிய விஷயம்போலச் சொல்வார்கள். ஆனால் 1900-லேயே வியன்னாவில் ஒருவர் இதைச் செய்து, ரோட்டில் ஓட்டியும் காட்டிவிட்டார். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை வடிவமைத்தவர் என்றும், ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிக்குப் பெயர் கொடுத்தவர் என்றும் நமக்குத் தெரிந்த ஃபெர்டினாண்ட் போர்ஷேதான் அவர்.

தகரக் கடைப் பையன்

1875 செப்டம்பர் 3-ல் மாஃபர்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய - ஹங்கேரிப் பேரரசில் இருந்தது; இப்போது செக் நாட்டில் இருக்கிறது. அப்பா அன்டோன் தகர வேலை செய்பவர். பையனும் அதே தொழிலுக்கு வரணும் என்பதுதான் அவர் ஆசை. பையனுக்கோ கரன்ட் பைத்தியம். பகலில் அப்பாவின் பட்டறை, மாலையில் பக்கத்து ஊர் தொழில்நுட்பப் பள்ளி என்று அலைந்தார். டீன் ஏஜ் முடிவதற்குள் சொந்த வீட்டுக்கு மின்விளக்கு போட்டுவிட்டார்.

18 வயதில் வியன்னாவில் ஒரு மின்சாதன கம்பெனியில் வேலை கிடைத்தது. பொறியியல் பட்டமெல்லாம் கிடையாது. நேரம் கிடைத்தபோது அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரி வகுப்புகளில் போய் உட்கார்ந்து கேட்டதோடு சரி. (அதே கல்லூரி 1917-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.)

கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த லோனர் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரைப் பொருத்திய மின்சாரக் கார் ஒன்று 1900 பாரீஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கியர் இல்லை, செயின் இல்லை, பெல்ட் இல்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பேட்டரி மட்டும் 410 கிலோ. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 50 கிலோமீட்டர்தான் போகும். இங்கிலாந்தில் ஒரு பணக்காரர் நான்கு சக்கரத்திலும் மோட்டார் வேணும் என்று கேட்க, அதற்கு வைத்த பேட்டரி 1,800 கிலோ! கார் ஆளை இழுத்ததா, பேட்டரியை இழுத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

பேட்டரியைக் குறை, ஜெனரேட்டரை ஏற்று

கல்யாண மண்டபத்தில் கரன்ட் போனால் என்ன செய்கிறோம்? வாசலில் டீசல் ஜெனரேட்டரை ஓடவிடுகிறோம். போர்ஷே செய்ததும் இதுதான். பெரிய பேட்டரியைத் தூக்கிவிட்டுச் சின்னதாக ஒன்று வைத்தார். மிச்ச இடத்தில் இரண்டு சின்ன பெட்ரோல் இன்ஜின்கள். ஒவ்வொன்றும் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அந்தக் கரன்ட் சக்கர மோட்டாருக்குப் போகும், மீதமானது பேட்டரியில் ஏறும். சக்கரத்தோடு இன்ஜினுக்கு எந்த இரும்புத் தொடர்பும் இல்லை. வண்டிக்கு வைத்த பெயர் 'செம்பர் விவுஸ்'. லத்தீனில் எப்போதும் உயிரோடு இருப்பது என்று அர்த்தம். சார்ஜ் தீர்ந்து நடுரோட்டில் நிற்காது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்.

இதில் என்ன லாபம்? பெட்ரோல் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு குறிப்பிட்ட பளுவில்தான் எரிபொருளை நன்றாகப் பயன்படுத்தும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பத்தடி போய் நின்று, மறுபடி பத்தடி போகிற டிராஃபிக்கில் சாதாரண கார் பெட்ரோலைக் குடிப்பதற்குக் காரணம், இன்ஜின் அந்த வசதியான நிலைக்கு வரவே முடியாததுதான். சீரிஸ் ஹைபிரிட்டில் சக்கரம் எப்படித் தடுமாறினாலும் இன்ஜின் தன் வேகத்தில் ஓடும், தேவை இல்லாதபோது அணைந்துவிடும். இன்றைய கார்களில் பிரேக் போடும்போது வீணாகும் சக்தியும் மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது.

நஷ்டமும் உண்டு. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகப் போய்விடும். இன்ஜின் 100 பங்கு உழைத்தால் சக்கரத்துக்கு 80 பங்கு அளவுக்குத்தான் சேரும். சாதாரண கியர்பாக்ஸில் 90-க்கு மேல் சேரும். அதனால் ஊருக்குள் ஜெயிக்கும் இந்த வண்டி, காலியான ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த லாபத்தை இழக்கிறது.

போர்ஷேவுக்கு அன்று இருந்த பிரச்சினை வேறு. விலை அதிகம், எடை அதிகம். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருந்ததால் ரோட்டுப் பள்ளத்தின் அடி, சேறு, தண்ணீர் எல்லாம் நேராக அதன்மேல்தான் விழுந்தது. பின்னாலேயே சாதாரண பெட்ரோல் கார்கள் மலிவாகவும் உறுதியாகவும் வர, இவருடைய ஹைபிரிட் ஓரங்கட்டப்பட்டது.

அவர் விடவில்லை. 1906-ல் ஆஸ்ட்ரோ-டைம்லர் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவரானார். முதல் உலகப்போரில் பீரங்கி இழுக்க, முன்னால் ஒரு ஜெனரேட்டர் வண்டி, பின்னால் கேபிள் மூலம் கரன்ட் வாங்கி ஓடும் டிரெய்லர்கள் என்று ரோட்டிலேயே ரயில் ஓட்டினார். அது நன்றாகவே வேலை செய்தது. அவர் எங்கே ஜெயித்தார், எங்கே தோற்றார் என்று பார்த்தால் ஒன்று பளிச்செனத் தெரியும்: மெதுவாக, பெரும் பாரத்தை இழுக்கிற இடத்தில் இந்த அமைப்பு பொருந்தியது.

பாரம் எல்லை மீறியபோது

இனி வருவது அவர் வாழ்க்கையின் இருண்ட பக்கம். 1931-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்த வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார். அதன் பங்குதாரர்களில் ஒருவரான யூதர் அடால்ஃப் ரோசன்பெர்கர் 1935-ல் வெளியேற்றப்பட்டார். நாஜி அரசிடமிருந்து மக்கள் கார் திட்டம் போர்ஷேவுக்கு வந்தது. 1937-ல் கட்சியிலும் சேர்ந்தார். அந்தக் காருக்காகக் கட்டிய ஆலை, போர்க்காலத்தில் ராணுவத் தளவாட ஆலையாக மாறியது. போர்க் கைதிகள், வதை முகாம் கைதிகள் உட்பட சுமார் 20,000 பேர் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். நிர்வாகத்தில் போர்ஷேவும் இருந்தார். பீட்டில் காரின் அழகைப் பேசுகிறவர்கள் பல நேரம் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

டாங்கி விஷயத்துக்கு வருவோம். ஆவடிக்காரர்களுக்கு டாங்கி புதிதல்ல. விஜயந்தாவிலிருந்து அர்ஜுன் வரை கனரக வாகன ஆலையிலிருந்து வெளியே வந்தவைதான். 'டைகர்' டாங்கிக்கு ஜெர்மனியில் போட்டி நடந்தபோது ஹென்ஷல் கம்பெனி வழக்கமான கியர்பாக்ஸோடு வந்தது. போர்ஷே வழக்கம்போல ஜெனரேட்டரோடு வந்தார்: காற்றால் குளிரும் இரண்டு வி-10 பெட்ரோல் இன்ஜின்கள், அவற்றோடு ஜெனரேட்டர்கள், பின்னால் மோட்டார்கள். 1942 ஏப்ரல் 20-ல், ஹிட்லரின் பிறந்தநாளன்று, ராஸ்டன்பர்க்கில் இரண்டும் காட்டப்பட்டன. போர்ஷேவின் டாங்கி தோற்றது. இன்ஜின் சூடேறியது, அடிக்கடி பழுதானது, போர்க்காலத்தில் கிடைக்காத செம்பைக் கிலோ கிலோவாகக் கேட்டது.

சோதனைக்கு முன்பே உற்பத்தி ஆரம்பித்துவிட்டதால் சுமார் 90 அடிச்சட்டங்கள் தேங்கிவிட்டன. அவற்றை 65 டன் எடையுள்ள டாங்கி எதிர்ப்பு வண்டிகளாக மாற்றினார்கள். பெயர், 'ஃபெர்டினாண்ட்'. பழைய இன்ஜினைக் கழற்றி மேபாக் இன்ஜின்கள் வைக்கப்பட்டன. ஜெனரேட்டரும் மோட்டாரும் அப்படியே இருந்தன. 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் இறங்கியபோது கண்ணிவெடியில் சிக்கியவை பல, இன்ஜின் பகுதியில் தீப்பிடித்தவை சில. அவ்வளவு எடையை இழுத்துக்கொண்டு வரவும் வழி இல்லை. (ஒரு துணுக்கு: அந்த மேபாக் வழியில் வந்த எம்.டி.யு நிறுவனத்தின் இன்ஜின்தான் நம்ம அர்ஜுனில் இருக்கிறது. அதில் ஜெனரேட்டர் வழி கிடையாது, கியர்பாக்ஸ்தான்.)

அப்படியானால் இன்றைய கார்கள்?

அன்று கெட்டது இன்றும் கெடுமா என்பதுதான் கார் வாங்கப் போகிறவரின் கேள்வி. இந்தியாவில் 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி, ஊருக்குள் பெரும்பாலும் சீரிஸ் ஹைபிரிட்டாகவே ஓடும். ஹைவே வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் இன்ஜினைச் சக்கரத்தோடு நேராக இணைக்கும். முன்னே சொன்ன 80 பங்குப் பிரச்சினைக்கு அதுதான் மருந்து. ஜப்பானில் 2016-லிருந்து விற்கும் நிசானின் இ-பவர் கார்களில் அந்த கிளட்ச்சும் கிடையாது.

போர்ஷேவைத் தோற்கடித்தது சூடு. இன்றும் முதல் எதிரி அதுதான். கரன்ட்டை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் சூடானால் கார் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல மாடல்களில் அதற்குத் தனி கூலன்ட் பாதை உண்டு. ரேடியேட்டர் கூலன்ட்டைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். பேட்டரியைக் காற்றால் குளிர்விக்கும் கார்களில் பின் சீட் அருகே ஒரு காற்றுத் துளை இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட் தூசியில் தினமும் போய்வரும் காரில் அந்த ஃபில்டர் அடைபடுவது சாதாரணம். அதன்மேல் பையை வைத்து மூடாதீர்கள், சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, சின்ன பேட்டரியின் எல்லை. பிஎம்டபிள்யூ ஐ3 காரின் ஒரு மாடலில் 647 சிசி இன்ஜின் ஜெனரேட்டர் வேலை பார்த்தது. நீண்ட மேடு ஏறும்போது பேட்டரி தீர்ந்தால் அந்தக் குட்டி இன்ஜின் தரும் கரன்ட் மட்டும்தான் மிச்சம். கார் திடீரென வேகம் குறைகிறது என்று அமெரிக்காவில் புகார்கள் வந்தன. அது பழுது அல்ல, கணக்கு. ஏற்காடு, கொடைக்கானல் என்று அடிக்கடி போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை மேம்பாலத்தோடு முடித்துக்கொள்ளாமல் இன்ஜினின் பவர் எவ்வளவு என்றும் கேட்பது நல்லது.

இன்ஜின் அடிக்கடி அணைந்து எரிவதால் சின்னச் சின்ன ஓட்டங்களில் ஆயில் சரியாகச் சூடாவதில்லை. ஈரமும் பெட்ரோலும் அதில் கலந்து தங்கும். கிலோமீட்டர் ஆகலையே என்று ஆயில் மாற்றாமல் தள்ளிப்போடுவது இந்தக் கார்களில் தப்பு. மாதக் கணக்கைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் ஹைபிரிட்டில் பல நேரம் குற்றவாளி அந்தப் பெரிய பேட்டரி இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. வெள்ளத்தில் நின்ற காரை மட்டும் நீங்களே ஆன் செய்து பார்க்காதீர்கள், ஆரஞ்சு நிற கேபிளைத் தொடாதீர்கள். பெரிய பேட்டரிக்கு ஹோண்டா, டொயோட்டா இரண்டுமே இங்கே 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன.

போர்ஷேவின் கடைசி ஆண்டுகளில் ஒரு பகுதி சிறையில் கழிந்தது. 1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கைதுசெய்து சுமார் 20 மாதம் அடைத்து வைத்தார்கள். அவரையும் மருமகனையும் வெளியே கொண்டுவரக் குடும்பம் 10 லட்சம் பிராங்க் ஜாமீன் கட்டியது. 1947 ஆகஸ்டில் வெளியே வந்தபோது உடம்பு தளர்ந்திருந்தது. மகன் ஃபெரி வடிவமைத்த 356 ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தார். அதில் ஜெனரேட்டர் வழியும் இல்லை, சக்கரத்தில் மோட்டாரும் இல்லை. 1951 ஜனவரி 30-ல் ஸ்டுட்கார்ட்டில் இறந்தார், வயது 75. செம்பர் விவுஸை அவருடைய கம்பெனி பழைய படங்களை வைத்து மறுபடி கட்டி, 2011 ஜெனீவா கார் கண்காட்சியில் நிறுத்தியது. அது ஓடும் நிலையில் இருக்கிறது.