சிறையைப் பங்காக்கிய புனித ஜோசப் வாஸ் அடிகளார்

யூபிலி என்றாலே சிறைப்பட்டோரின் விடுதலை என்பது வேதாகமம் தரும் பாடம். ஆதலால் இம்மலரில் புனித ஜோசப் வாஸ் அடிகளாரை நினைவுகூர விழைகிறோம்.

1651-ஆம் ஆண்டு கோவா நாட்டுப் பெனோலிம் ஊரில் பிறந்த அடிகளார், 1676-இல் குருப்பட்டம் பெற்றார். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டதால், இலங்கைக் கிறிஸ்தவர்கள் திருப்பலியின்றித் தவித்தனர். அவர்களுக்காக 1687-இல், நம் அண்டையிலுள்ள தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்தில் கடல் கடந்தார் அடிகளார்.

1692-இல் கண்டிக்குச் சென்றவரைப் போர்த்துக்கீசிய ஒற்றர் எனப் பழிசுமத்திச் சிறையிலிட்டனர். அவரோ மனம் சோரவில்லை. அச்சிறையையே தம் பங்காக ஏற்றார். அங்கேயே சிங்களம் கற்றார். முற்றத்தில் சிறு குடிசைக்கோயில் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். நாளடைவில் காவல் தளர்ந்தது. 1697-இல் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர்களைத் தேடிச்சென்று பேணினார். இறந்தோரை அடக்கம் செய்தார். அவரைச் சிறைவைத்த மன்னன் விமலதர்மசூரியனே அவரைப் போற்றினான்.

1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்த அடிகளாரை, 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

அன்பு இறைமக்களே! ஒருவர் சிறைசென்றால் அவர் வீட்டு வாசலை மிதிக்கவும் நாம் கூசுகிறோம். அந்த வாசலை மிதிப்பதே நம் யூபிலி காணிக்கையாகட்டும்.