மாஸ்கோ சென்ற தத்துவ ஆசிரியர்

எம் ஊராகிய முதலிபாளையத்தில் பனியன் துணி பின்னும் பொறிகளின் ஒலி இரவிலும் ஓய்வதில்லை. அவ்வொலி கேட்கும் பள்ளியில் யாம் பயின்ற காலத்து, ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் தலைப்பாகை அணிந்த பெரியார் ஒருவர் படத்திற்கு மாலை சூட்டி வணங்குதல் வழக்கம். அவர் குடியரசுத் தலைவராய் விளங்கியவர் என்பதன்றி வேறொன்றும் யாம் அறிந்திலேம். கல்லூரி புகுந்து நூல்களைப் புரட்டிய பின்னரே, கடவுளை மறுக்கும் பொதுவுடைமை அரசொன்றினிடம் அவர் நம் நாட்டின் தூதராய் அமர்ந்திருந்த செய்தி தெரிந்து வியந்தோம். அதனையே ஈண்டு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்திற் பிறந்தார். வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பாதிரிமார் இந்து சமயத்தைக் குறைகூறிய சொற்கள் அவ்விளைஞர் உள்ளத்தைப் புண்படுத்தின. கிறிஸ்தவராகிய யாம் இதனை மறைத்துக் கூறுதல் தகாது. அவர் சினந்து விலகினாரல்லர். வேதாந்தத்தின் ஒழுக்கநெறி பற்றி 1908-இல் ஆராய்ச்சியுரை எழுதி விடையிறுத்தார். அவ்வுரையைப் பாராட்டியவர் ஹாக் என்னும் மிஷனரிப் பேராசிரியரே. மாறுபட்டவர் முன்னிலையில் பணிவோடும் அஞ்சாமலும் பேசும் ஆற்றல் அவர்க்கு அங்கேயே அரும்பியது என்பது எம் கருத்து. மைசூர், கல்கத்தா, ஆந்திரா, காசி, ஆக்ஸ்போர்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் அவர் ஆற்றிய பணியைப் பலரும் எழுதியுள்ளாராதலின் யாம் அதனை விடுத்துச் செல்கின்றோம்.

நடுநிலை நாடுகள் பொதுவுடைமை ருஷியாவோடு உறவு பூணுதல் அக்காலத்து எளிதாயிருக்கவில்லை. 1918-இல் சோவியத் தூதுக்குழுவை வெளியேற்றிய ஸ்விட்ஸர்லாந்து, 1946 வரையில் மீண்டும் உறவு கொள்ளவில்லை. ஸ்வீடன் நாட்டிலோ, சோவியத் தூதராயிருந்த கொல்லொந்தாய் அம்மையார் வாயிலாக 1944-இல் பின்லாந்துப் போரை நிறுத்தும் பேச்சுக்கு வழி பிறந்தது. புதிதாய் விடுதலை பெற்ற இந்தியாவை மாஸ்கோ ஐயக்கண் கொண்டே நோக்கிற்று. முதல் தூதராய்ச் சென்ற விஜயலட்சுமி பண்டிதருக்கு ஸ்டாலினைக் காணும் வாய்ப்பே கிட்டவில்லை. அவரை அடுத்து 1949-இல் ராதாகிருஷ்ணன் அனுப்பப்பட்டார். ஆன்மிகம் பேசும் பேராசிரியர்க்கு அங்கே என்ன வேலை என்று நகைத்தோரும் உளர்.

ஆயினும் 1950 ஜனவரியில் க்ரெம்ளின் மாளிகையில் ஸ்டாலின் அவரை வரவேற்றார். உலகை இரு கூறாக்கிய பகைமை நீங்கவேண்டும் என்று தூதர் வேண்ட, அது தம் கையில் மட்டும் இல்லையென ஸ்டாலின் மொழிந்தனராம். இரு கைகளும் சேர்ந்தாலன்றி ஓசை எழாதாகலின், ஒரு கையையேனும் விலக்கிக் கொள்ளலாமே என்றனராம் நம் ஆசிரியர். கலிங்கப் போரின் குருதி கண்டு வாள் துறந்த அசோகனையும் அவர் நினைவூட்டினார் என்பர். ஸ்டாலின் தாமும் இளமையில் கிறிஸ்தவ குருமார் பயிலும் பள்ளியில் இருந்தவரே.

இலட்சக்கணக்கானோர் சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலும் வாடிய காலம் அது. அதனைக் கண்டியாத தூதின் பெருமை யாது என எம் தோழர் ஒருவர் வாதிட்டார். எமக்கு உடனே விடை தோன்றவில்லை. தூதராயிருப்பவர் வீதியில் நின்று முழங்குதல் இயலாது. ஆனால் குருதி சிந்திய வேந்தன் கதையை அவ்வேந்தனையொத்தவர் முகத்தெதிரே கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! எம் தோழர் இதனை முற்றும் ஒப்பினாரல்லர். யாமும் அவரை வற்புறுத்தவில்லை.

அதே ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அதனைக் கொரியாவின் எல்லைக்குள் அடக்கவும், மக்கள் சீனத்திற்குப் பாதுகாப்புச் சபையில் இடமளிக்கவும், அச்சபையைப் புறக்கணித்திருந்த ருஷியா மீளவும் வேண்டுமென ஜவாஹர்லால் நேரு ஜூலை 13-ஆம் நாள் எழுதினார். ஸ்டாலின் இரண்டே நாளில் இசைவு தெரிவித்தார், அமெரிக்கா மறுத்தது, முயற்சி வீணாயிற்று. எனினும் பிற பலன்கள் விளைந்தன. 1951-இல் இந்தியா உணவின்றித் தவித்தபோது, அமெரிக்கப் பேரவை கோதுமைக் கடன் குறித்து மாதக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருக்க, ருஷியா 50,000 டன் கோதுமையைப் பண்டமாற்றாக விரைந்து அனுப்பியது. அதுகாறும் காஷ்மீர் வழக்கில் வாய் திறவாதிருந்த சோவியத் பிரதிநிதி மாலிக், 1952 ஜனவரியில் பாதுகாப்புச் சபையிலே மேனாட்டார் போக்கைக் கண்டித்துப் பேசினார்.

1952 ஏப்ரலில் விடைபெறச் சென்றபோது, தளர்ந்திருந்த ஸ்டாலினின் கன்னத்தையும் முதுகையும் ஓர் ஆசிரியர் மாணவனைத் தடவுவது போல் இவர் தடவிக் கொடுத்தார் என்றும், தம்மை மனிதனாக மதித்தவர் இவரே என்று அவர் உருகினார் என்றும் சொல்லப்படுகிறது. நாடு திரும்பியவர் அவ்வாண்டே குடியரசுத் துணைத் தலைவரானார். 1962 முதல் 1967 வரை தலைவராய் வீற்றிருந்து, 1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் மறைந்தார்.

மாஸ்கோவில் அவர்க்குப்பின் தூதரானவர் கே. பி. எஸ். மேனன், அவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவரே. 1953 பிப்ரவரி 17-ஆம் நாள் அவர் க்ரெம்ளின் சென்றார். மார்ச் 5-ஆம் நாள் உயிர் நீத்த ஸ்டாலினை இறுதியாகக் கண்ட அயல்நாட்டுத் தூதர் அவரே.