ஸ்கூல் இருக்கு, பிள்ளைங்க எங்கே? காமராஜர் போட்ட வேற கணக்கு!

மதுரை கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி தெற்கே போனால் திருமங்கலம், அடுத்து விருதுநகர். அந்த ஊர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவர் காமராஜர்.

ஒரு அரசுத் திட்டம் ஜெயித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்பதை வைத்தா, மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்தா? அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு பதில் இருக்கு.

பாதியில் நின்ற படிப்பு

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, படிப்பு 6-ம் வகுப்போடு நின்றது. மாமாவின் கடையில் வேலை. பிறகு சுதந்திரப் போராட்டம், பல ஆண்டுகள் சிறை.

1954 ஏப்ரல் 13-ல் முதல்வரானார். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் 100 பேரில் சுமார் 21 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

பில்டிங் இருந்தா போதுமா?

ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளிக்கூடம் கட்டியாச்சு, வாத்தியார் போட்டாச்சு, செலவுக் கணக்கும் எழுதியாச்சு. ஆனா பிள்ளைங்க வரல. காரணம் பசி. ஆடு மேய்க்கப் போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைக் கஞ்சி நிச்சயம். பள்ளிக்கூடத்தில் அது கிடையாது. சேரன்மாதேவி ரயில்வே கேட் அருகே ஆடு மேய்த்த ஒரு சிறுவன் இதையே காமராஜரிடம் கேட்டதாக இன்றும் சொல்லப்படுகிறது.

1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அரசிடம் பணம் குறைவு. ஊர் மக்களும் பங்கு கொடுத்தார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு இதைக் களத்தில் நடத்திக் காட்டினார்.

ரிசல்ட் என்ன?

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1961-ல் 100-க்கு சுமார் 31 பேர், 1971-ல் சுமார் 39 பேர். சாப்பாடு மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. புதுப் பள்ளிகள், கூடுதல் ஆசிரியர்கள், கட்டணமில்லாக் கல்வி எல்லாம் சேர்ந்து வந்த பலன் இது. ஆனால் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் மற்ற செலவெல்லாம் வீண் என்பதைப் புரிய வைத்தது மதிய உணவுதான்.

1963 அக்டோபர் 2-ல் முதல்வர் பதவியை விட்டு விலகினார். 1975-ல் அதே அக்டோபர் 2-ல் காலமானார்.

இப்ப ஏன் இது முக்கியம்?

2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். மாநிலத் திட்டக்குழு வருகைப் பதிவை ஒப்பிட்டுப் பார்த்ததில், பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. அடுத்து பார்க்க வேண்டியது, வந்த பிள்ளை சரளமாக வாசிக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்பது.

இனி ஒரு திட்டத்துக்கு இத்தனை கோடி என்று செய்தி வந்தால், அந்தத் தொகையோடு நிறுத்திவிடாமல் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: அதனால் யாருக்கு, என்ன மாறியது?